இரவு எங்கே உறங்குவது? உயர்மலைக் கணவாய்ப் பயணத்திற்குத் திட்டமிடுவோர் அறிய வேண்டியவை

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் உருவாகும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் இமயத்தின் கணவாய்களை ஆண்டுதோறும் ஏறிக் கடக்கின்றன. அவற்றைத் தினமும் சாலையில் பார்க்கும் நம் பகுதி மக்களுக்கும் ஒருமுறை லடாக் சென்றுவர வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. அந்த ஆசையோடு புறநோயாளர் பிரிவுக்கு வருவோர் எண்ணிக்கை ஒவ்வொரு கோடையிலும் கூடுகிறது.

அண்மையில் வந்தவருக்கு வயது 47. தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை எடுத்து வருபவர். நண்பர்கள் நால்வர் பைக்கில் செல்வதாகத் திட்டம். உடன் வந்த மனைவி, "போக வேண்டாம்னு நான் சொல்லலை டாக்டர். எப்படிப் போகணும்னு நீங்க சொல்லுங்க" என்றார். நல்ல கேள்வி அது.

அவர் தம் பயணத் திட்டத்தை மேசைமேல் விரித்தார். முதல் இரவு மணாலி, இரண்டாம் இரவு சர்ச்சு, மூன்றாம் இரவு லே. மறுநாள் கர்துங் லா கணவாயைக் கடந்து நுப்ரா பள்ளத்தாக்கில் ஓர் இரவு. பின்னர் லே, கார்கில் வழியாக ஸ்ரீநகர். ஒவ்வோர் ஊருக்கும் நேரே தேதி, கிலோமீட்டர், பெட்ரோல் பங்க் என மூன்று கட்டங்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் உயரம் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. நான்காவதாக ஒரு கட்டம் போட்டு, இரவில் உறங்கும் இடத்தின் உயரத்தை அதில் எழுதச் சொன்னேன். இக்கட்டுரை அந்த நான்காவது கட்டத்தைப் பற்றியதுதான்.

உயரத்தில் நேர்வது என்ன?

ஸ்ரீபெரும்புதூர் கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர்கூட உயரமில்லாத ஊர். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. கர்துங் லா சுமார் 5,359 மீட்டர். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். ஆனால் உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. லேயில் அது இங்கு கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. கர்துங் லாவில் பாதியளவே.

உடல் இதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளும். மூச்சு ஆழமாகும், இதயத் துடிப்பு கூடும், சிறுநீரகங்கள் இரத்தத்தின் வேதிச் சமநிலையைத் திருத்தும். இதற்குச் சில நாட்கள் தேவை. பகலில் ஓர் உயரத்தைத் தொட்டுவிட்டு இறங்குவதை உடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். அங்கேயே உறங்கினால், மூச்சு மெலியும் இரவு வேளையில் ஆக்ஸிஜன் மேலும் குறையும். ஆகவேதான் கணவாயின் உயரத்தைவிடப் படுக்கையின் உயரம் முக்கியமாகிறது. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல்.

'நான் தினமும் ஓடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது' என்பார் சிலர். இந்தியப் படைவீரர்கள் 1,925 பேரை ஆராய்ந்து மருத்துவர் இந்தர் சிங்கும் அவர்தம் குழுவினரும் 1969-இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றும் போற்றப்படுகிறது. அதில் நோயுற்றோர் அனைவரும் பயிற்சி பெற்ற வீரர்களே. உடல் வலிமை இந்நோய்க்குக் கவசம் ஆகாது. மெல்ல ஏறுவதே கவசம்.

நான்காவது கட்டம் காட்டியது

நண்பரின் தாளில் உயரங்களை எழுதினோம். மணாலி 2,050 மீட்டர். மறுநாள் இரவே சர்ச்சு, 4,290 மீட்டர். ஒரே நாளில் 2,200 மீட்டருக்கும் மேற்பட்ட ஏற்றம். அங்கே கூடாரத்தில் நள்ளிரவு நோய் முற்றினால், எத்திசையில் புறப்பட்டாலும் மலைச்சாலையில் நெடுந்தூரம் இருட்டில் செல்ல வேண்டும். மணாலி சாலையில் பலர் நோய்வாய்ப்படுவது இந்த இரவில்தான்.

அதே பயணத்தைத் திருப்பிப் போட்டோம். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், அடுத்த இரவு கார்கில், 2,676 மீட்டர், அதன்பின் லே. கடைசி ஏற்றம் 800 மீட்டருக்கு மேல் என்பதால் லேயில் மூன்று இரவுகள், இடையே இரண்டு முழு ஓய்வு நாட்கள். பிறகே கர்துங் லா. லேயிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 1,850 மீட்டர் ஏற்றம். ஆகவே உச்சியில் 15, 20 நிமிடங்களுக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. அப்பால் நுப்ராவின் ஹுண்டர் சுமார் 3,100 மீட்டர்தான்; லேயைவிடத் தாழ்வு என்பதால் அங்கு உறங்கலாம். திரும்பும்போது சர்ச்சு, மணாலி. பழகிய உடலுக்கு அப்போது சர்ச்சு அத்தனை கடினமாக இராது. சாலைகள் அவையே, திசை மாறியது, இரண்டு இரவுகள் கூடின.

"ரெண்டு நாள் லீவு சேர்த்துக் கிடைக்காது டாக்டர்" என்றார். அப்படியானால் நுப்ராவை விட்டுவிடுங்கள், ஓய்வு நாட்களை விடாதீர்கள் என்றேன்.

அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

ஏறிய சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், களைப்பு தோன்றலாம். உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் தெளிவாகும்வரை, உயர்மலை நோய் என்றே கொள்க. அங்கேயே தங்கி ஓய்வெடுங்கள். தலைவலிக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். அறிகுறி நீங்கும்வரை மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும்.

இரு நிலைகள் உயிருக்கே ஆபத்தானவை. முதலாவது, மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், நடத்தை மாறும். தரையில் நேர்கோட்டில், குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையெனில் குடிபோதை போன்ற இந்தத் தள்ளாட்டத்தைக் களைப்பு என்று எண்ணாதீர்கள். இரண்டாவது, நுரையீரலில் நீர் கோத்தல்: அமர்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, ஓயாத இருமல், இளஞ்சிவப்பு நுரைச் சளி. இது பெரும்பாலும் இரண்டாம் இரவுக்கு மேல் வரும். இவ்விரண்டிலும் விடியும்வரை காத்திராமல் உடனே கீழே இறக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டர் நேரத்தை வாங்கித் தரும்; இறங்குவதற்கு அது மாற்று அன்று. லேயில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை உள்ளது.

நோயுற்ற மூளைக்குத் தன் நோய் தெரியாது. ஆகவே உடன் செல்வோரின் கண்களே முதல் மருத்துவர். 'என்னால் மற்றவர் பயணம் கெட வேண்டாம்' என்று தலைவலியை மறைப்பவர்தாம் அதிக ஆபத்துக்கு உள்ளாகிறார். புறப்படும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: ஒருவருக்கு முடியாவிட்டால் அனைவரும் நிற்போம்; அவரை யாரும் தனியே இறக்கி அனுப்பமாட்டோம்.

நாள்பட்ட நோயுள்ளவர்கள்

* அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், இதயச் செயலிழப்பு, நுரையீரல் இரத்த அழுத்தம், தீவிர நாள்பட்ட நுரையீரல் நோய், கடும் இரத்தசோகை உள்ளவர்கள், கருவுற்ற தாய்மார்கள் இப்பயணத்தைத் தவிர்ப்பதே நலம்.
* இரத்த அழுத்தம் முதல் சில நாட்கள் உயரக்கூடும். மாத்திரையை நிறுத்தாதீர்கள். அளக்கும் கருவியை உடன் கொண்டு செல்லுங்கள்.
* இன்சுலின் உறைந்தால் பயனற்றது. சட்டையின் உட்பையில் உடலோடு ஒட்டி வையுங்கள். கடுங்குளிரில் குளுக்கோமீட்டர் பிழை காட்டலாம். தாழ்சர்க்கரையும் உயர்மலை நோயும் ஒன்றுபோல் தோன்றும். ஐயம் எழுந்தால் முதலில் சர்க்கரையை அளந்து பாருங்கள்.
* ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் மூச்சை மந்தப்படுத்தும், அறவே வேண்டாம்.
* அசிட்டஸோலமைடு என்னும் தடுப்பு மாத்திரை சிலருக்குப் பயன்படும். சல்ஃபா ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று. மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள்.

பயணத்திற்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைக் காணுங்கள். வரும்போது நான்கு கட்டங்களும் நிரம்பிய திட்டத்தாளைக் கொண்டு வாருங்கள். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது; போஸ்ட்பெய்டு இணைப்பு ஒன்றேனும் குழுவில் இருக்கட்டும். எந்த இரவு எந்த ஊரில் என்ற தாளின் படி ஒன்றை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

நண்பர் ஒரு நாள் விடுப்பு மட்டும் கூடுதலாகப் பெற்றார், நுப்ராவை விட்டார். லேயில் முதல் இரவே நால்வரில் இளையவருக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. அவர் மறைக்கவில்லை. ஓய்வு நாட்கள் கையில் இருந்ததால் அவர்கள் அவசரப்படவும் இல்லை. இளையவர் முற்றும் தேறிய பின், நான்காம் நாள், நால்வரும் கர்துங் லா ஏறி, மாலையே லேக்கு இறங்கிவிட்டார்கள். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது அவர் காட்டிய படத்தில் நான்கு முகங்களும் இருந்தன. "நுப்ரா பார்க்கலையே" என்று சற்றே வருந்தினார். அடுத்த முறை பார்க்கலாம் என்றார் அவர் மனைவி.