குமர் காரியமும் மாப்பிள்ளையின் செலவும்

 

ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுத்ததும் பள்ளியின் முன்வாசலில் ஒருவர் துண்டை விரித்துக்கொண்டு நிற்பதை நீங்கள் எத்தனையோ வாரம் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் ஒரு கடிதம் இருக்கும். ஏதோ ஓர் ஊர் ஜமாஅத்தின் முத்திரை, முத்தவல்லி கையெழுத்து, இமாம் கையெழுத்து. "குமர் காரியம், உதவி செய்யுங்கள்" என்று மைக்கில் அறிவிப்பதும் நாங்கள்தான். பத்தோ இருபதோ போட்டுவிட்டு நீங்கள் செருப்பைத் தேடப் போய்விடுவீர்கள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை.

அப்படிப்பட்ட கடிதங்களை எழுதியவன் என்பதால் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் கையெழுத்திட்ட ஒரு கடிதம் இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது. தகப்பனார் தள்ளுவண்டியில் பழம் விற்பவர். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது பத்துப் பவுன், ஒரு பைக், ஐந்நூறு பேருக்கு பிரியாணி. நான் எழுதியதோ, 'ஏழைக் குமரின் திருமணச் செலவிற்கு' என்ற ஒரே வரி. அவர் இரண்டு மாதம் பள்ளி பள்ளியாக அலைந்தார். சேர்ந்தது போதவில்லை. மூன்று லட்சத்தை இரண்டு வட்டிக்கு வாங்கினார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் மூன்று லட்சத்துக்கு மாதம் ஆறாயிரம், வருஷத்துக்கு எழுபத்திரண்டாயிரம். அசல் அப்படியே நிற்கும்.

வட்டி வாங்குபவர், கொடுப்பவர், அதை எழுதுபவர், அதற்குச் சாட்சி நிற்பவர் எல்லோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக முஸ்லிமில் ஹதீஸ் வருகிறது. மதரஸாவில் அதை ஓதியபோது 'எழுதுபவர்' என்றால் கணக்குப்பிள்ளை என்றுதான் நினைத்தேன். அந்த மனிதர் வட்டிக்குப் போவார் என்று தெரிந்தும், மாப்பிள்ளை வீட்டைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்காமல் கடிதம் எழுதிக் கொடுத்த என்னைப் பற்றியும் அதில் ஏதாவது இருக்குமோ என்று இப்போது அச்சமாக இருக்கிறது.

கல்யாணச் செலவைக் குறைப்பது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். பத்திரிகை அச்சடிக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். மேடை அலங்காரத்தைக் குறைக்கலாம் என்றெல்லாம் யோசனை சொல்வதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. இந்தச் செலவு யாருடைய செலவு?

நிக்காஹில் பணம் செலவாகும் இடம் என்று நம் மார்க்கம் காட்டியவை இரண்டுதான். ஒன்று மஹர், மற்றொன்று வலீமா. இரண்டும் மாப்பிள்ளையின் பொறுப்பு. மஹரைப் பெண்ணிடம் மனமுவந்து கொடுத்துவிடும்படி சூரா நிஸாவின் நான்காம் வசனத்தில் அல்லாஹ் கணவர்களுக்குக் கட்டளையிடுகிறான். பெண்ணின் தகப்பனுக்கு ஒரு ரூபாய் செலவைக்கூட நிக்காஹின் நிபந்தனையாக எந்த மத்ஹபின் கிதாபிலும் நான் ஓதியதில்லை. அவர் மகளுக்கு மனம் விரும்பி ஏதேனும் கொடுத்தால் அது அன்பளிப்பு. ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் ஒரு போர்வை, ஒரு தண்ணீர்த் தோல்பை, இத்கிர் புல் அடைத்த ஒரு தலையணை கொடுத்தனுப்பினார்கள் என்று நஸாயீயில் வருகிறது. நம்மில் சிலர் இதைச் சீர்வரிசைக்கு ஆதாரமாகச் சொல்கிறார்கள். சொல்பவர்கள் அந்தப் பட்டியலோடு நிறுத்திக்கொண்டால் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

இப்போது ரபீஆ இப்னு கஅப் (ரலி) அவர்களின் நிக்காஹைப் பாருங்கள். முஸ்னத் அஹ்மதில் நீண்ட ஹதீஸாக இது வருகிறது. ரபீஆ நபியவர்களுக்கு ஊழியம் செய்த ஏழைத் தோழர். "கல்யாணம் முடிக்கவில்லையா?" என்று நபியவர்கள் பலமுறை கேட்கிறார்கள். பெண்ணை வைத்துக் காப்பாற்ற என்னிடம் எதுவுமில்லை என்பது அவருடைய பதில். கடைசியில் அன்ஸாரிகளில் ஒரு குடும்பத்தாரிடம் நபியவர்களே அவரை அனுப்பி வைக்கிறார்கள். அந்தக் குடும்பம் ஆதாரம்கூடக் கேட்காமல் பெண் கொடுக்கச் சம்மதிக்கிறது. ஆனால் ரபீஆ கவலையோடு திரும்பி வருகிறார். மஹருக்கு வழியில்லை. தோழர்களிடம் வசூலித்து, பேரீச்சங்கொட்டை எடையளவு தங்கம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பெண் வீட்டார் அதையே அதிகம் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். மீண்டும் கவலை, வலீமாவுக்கு ஒன்றுமில்லை. ஓர் ஆட்டுக் கிடாவுக்கு வசூல் நடக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இருந்த வாற்கோதுமைக் கூடை வருகிறது. ரொட்டியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், ஆட்டை நீங்கள் சமையுங்கள் என்கிறார்கள் பெண் வீட்டார். அந்த விருந்துக்கு நபியவர்களும் வந்தார்கள்.

சகோதரர்களே, இங்கேயும் வசூல் நடந்திருக்கிறது. ஆனால் யாருக்காக? மாப்பிள்ளைக்காக! வசூலித்த தங்கம் பெண்ணின் கைக்குப் போனது. நம்முடைய பள்ளிவாசலில் துண்டை விரித்து நிற்பவர் பெண்ணின் தகப்பனார். வசூலித்த பணம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. குமர் காரியம் என்று பெயர் வைத்து நாம் எதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம் என்று யோசியுங்கள்.

சென்ற வருடம் கொல்லிமலை வாழவந்தி நாட்டில், செம்மேட்டுப் பக்கம் ஒரு வீட்டில் நிக்காஹ் ஓதி வைக்கப் போயிருந்தேன். மலையில் மிளகு, காப்பிக்கொட்டை வாங்கி விற்கும் சின்ன வியாபாரி. பெண் வீடு அதுதான். மாப்பிள்ளை கீழே சமவெளிக்காரர். முதலில் நாமக்கல்லில் மண்டபம் பேசுவதாக இருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார், "பெண் இருக்கும் இடத்துக்கு நாங்கள் வருகிறோம், நீங்கள் இறங்கி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி யார் வருவார்கள்? உண்மையிலேயே வர வேண்டியவர்கள் மட்டும் வந்தார்கள். ஏறக்குறைய எழுபது பேர், வளைவுக்கு ஒருவர் என்று அந்த வீட்டுப் பெரியவர் சிரித்தார். (வேனில் வந்தவர்களில் பாதிப் பேர் முதல் அரைமணி நேரம் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் நிலையிலேயே இல்லை என்பது தனிக்கதை.)

வீட்டு வாசலில் பந்தல். இரண்டு பவுன் மஹர், அங்கேயே என் கண் முன்னால் பெண்ணின் கைக்குப் போனது. அன்றைய சாப்பாட்டை வலீமாவாக மாப்பிள்ளை வீட்டாரே ஏற்றுக்கொண்டார்கள். நிக்காஹ் முடிந்த அன்றே வலீமா கொடுப்பதைப் பல அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். இரண்டு விருந்து தேவையில்லை. பண்டாரி கீழிருந்து தேக்ஸாவோடு வந்தார். கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்பது பண்டாரிகளின் பொதுக் கணக்கு. எழுபது பேருக்கு ஏழு கிலோ அரிசி, பத்துக் கிலோ கறி, அவ்வளவுதான். ஐந்நூறு பேர் என்றால் ஐம்பது கிலோ அரிசி, அதற்குக் குறையாத கறி. கிலோ எண்ணூறு என்று வைத்தாலும் கறி மட்டும் நாற்பதாயிரம்! கடைசியில் மலை வாழைப்பழமும் பலாச்சுளையும் வைத்தார்கள். பக்கத்து வீடுகளிலிருந்த மலைவாசி மக்களும் வந்து உட்கார்ந்தார்கள். செல்வந்தர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமா உணவே மோசமான உணவு என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்னது அன்று என் நினைவுக்கு வந்தது.

அந்த மக்களில் ஒரு பெரியவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஐயா, உங்க ஆளுங்களிலும் மாப்பிள்ளை வீடுதான் பரிசம் கொடுக்குமா?" மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் கொடுப்பது கொல்லிமலை மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வழக்கம். "ஆமாம், ஆனால் எங்களில் அது தாய் தகப்பனுக்குப் போகாது, பெண்ணுக்கே சொந்தம்" என்றேன். இஸ்லாத்துக்கு முன் அரபியரிலும் மஹரைத் தகப்பன்மார்கள் எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்ததையும், அதைத் தடுத்துத்தான் அந்த நிஸா வசனம் இறங்கியது என்றும் விரிவுரையாளர்களில் சிலர் எழுதியிருக்கிறார்கள். அவர் தலையாட்டிக்கொண்டு, "நல்ல வழக்கம்" என்றார். கீழே எங்கள் ஊர்களில் நிலைமை என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

மஹர் எவ்வளவு? நபியவர்கள் தம் மனைவியருக்குக் கொடுத்த மஹர் பன்னிரண்டரை ஊக்கியா, அதாவது ஐந்நூறு திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னது முஸ்லிமில் இருக்கிறது. இன்றைய எடையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வெள்ளி. ஹனஃபி மத்ஹபில் குறைந்தபட்சம் பத்து திர்ஹம், சுமார் முப்பது கிராம் வெள்ளி. ஷாஃபிஈ மத்ஹபில் குறைந்தபட்ச வரம்பே இல்லை. சில ஊர்களில் தஃப்தரில் ஆயிரத்தொன்று என்று எழுதிவிட்டு, மறுபக்கம் பெண்ணிடம் பத்துப் பவுன் வாங்குகிறார்கள். மஹரைக் குறைப்பது சிக்கனம் என்று அவர்கள் நினைக்கிறார்கள் போலும்!

அழைப்புப் பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் ஆடையில் மஞ்சள் நறுமணத்தின் அடையாளத்தைப் பார்த்துத்தான், அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது என்பதே நபியவர்களுக்குத் தெரிந்தது. "என்னை ஏன் அழைக்கவில்லை?" என்று கேட்கவில்லை. பரக்கத்துக்கு துஆ செய்து, ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கச் சொன்னார்கள். மதீனா முழுவதும் சுற்றினாலும் அவரைவிட முக்கியமான விருந்தாளி கிடைப்பாரா? நமக்கோ, மாமாவின் மச்சான் வருத்தப்படுவார் என்று இன்னும் நூறு பெயர். 2020ல் கொரோனா ஊரடங்கு வந்து, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று அரசு சொன்னதே. அந்த நிக்காஹ்களும் என் தஃப்தரில் இருக்கின்றன. அந்தத் தம்பதிகளின் பிள்ளைகள் இப்போது மக்தபுக்கு ஓத வருகிறார்கள். அரசாங்கம் ஐம்பது என்றால் கேட்டோம். அதைச் சுன்னத்துக்காகச் செய்ய மட்டும் வெட்கம்.

"நகை போட்டால் என்ன, அது சேமிப்புதானே" என்பார்கள். கடையில் சேதாரம் நூற்றுக்குப் பத்து என்று வைத்தாலே பத்துப் பவுனில் ஒரு பவுன் போயிற்று. விற்கப் போனால் அது திரும்பாது. நம் தமிழ்நாட்டு அரசே ஒரு காலத்தில் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குத் தாலிக்குத் தங்கமும், படிப்புக்கேற்ப இருபத்தைந்தாயிரம், ஐம்பதாயிரம் என்று பணமும் கொடுத்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த அந்தத் திட்டத்தை 2022ல் மாற்றி, கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 'புதுமைப்பெண்' ஆக்கிவிட்டார்கள். மூன்று வருடப் படிப்பில் முப்பத்தாறாயிரம் அவள் கணக்கிலேயே வருகிறது. நம் ஜமாஅத் நிதியையும் இப்படித் திருப்ப முடியாதா என்று முத்தவல்லிகள் யோசிக்கட்டும்.

சட்டமும் இருக்கிறது. 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தில் வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். மஹர் வரதட்சணை ஆகாது என்று அதே சட்டம் நமக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. கைக்கூலியை 'அன்பளிப்பு' என்று எழுதிக் கொடுத்தால் அல்லாஹ்விடம் அந்தப் பெயர் செல்லுபடியாகுமா?

மாப்பிள்ளைமார்களுக்கும் சொல்கிறேன். உங்களிடமும் பணம் இல்லாமல் இருக்கலாம். அதற்காகக் கடன் வாங்கி விமரிசையாகச் செய்ய வேண்டாம். மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு, அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்கும்வரை நபியவர்கள் ஜனாஸா தொழ வைக்கவில்லை. ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணந்தபோது நபியவர்களின் வலீமாவில் ரொட்டியும் இல்லை, கறியும் இல்லை. தோல்விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும். உங்கள் சக்தி பிரியாணிக்கு எட்டாவிட்டால் தேங்காய்ச்சோறு போடுங்கள், நான் வந்து சாப்பிடுகிறேன்.

அந்தத் தள்ளுவண்டிக்காரர் போன மாதம் மீண்டும் வந்தார். இளைய மகளுக்கு வரன் கூடியிருக்கிறது, கடிதம் வேண்டும் என்றார். முதல் கடன் இன்னும் முடியவில்லை. நான் பேனாவை எடுக்கவில்லை. முத்தவல்லியிடம் பேசி, மாப்பிள்ளை வீட்டாரைப் பள்ளிக்கு அழைத்தோம். வந்தவர்களிடம் ரபீஆ (ரலி) அவர்களின் ஹதீஸைச் சொல்லி, "மஹருக்கும் வலீமாவுக்கும் உங்களால் முடியவில்லை என்றால் சொல்லுங்கள், உங்கள் பெயரில் கடிதம் எழுதித் தருகிறேன். இந்த வெள்ளிக்கிழமையே மாப்பிள்ளை வாசலில் துண்டை விரிக்கட்டும்" என்றேன். மாப்பிள்ளையின் தகப்பனார் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைக்கும் மண்டபமும் வேண்டாம் என்றார். நகை விஷயத்தை வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை தஃப்தரில் தேதி எழுதுவதாக இல்லை.