குடிகாரர் குற்றவாளியா, நோயாளியா?



மாதர் சங்கக் கூட்டம் எந்தத் தோட்டத்தில் நடந்தாலும் சுகாதாரம், சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு என்று பல விஷயம் பேசுவோம். ஆனால் கடைசியில் பேச்சு வந்து நிற்பது ஒரே இடத்தில்தான். "ஐயா, இந்தக் குடிக்கு ஒரு வழி சொல்லுங்க" என்பார்கள். உடனே ஒரு பக்கத்திலிருந்து, "பொலிசுக்குச் சொல்லி உள்ளே போடணும், அப்பத்தான் புத்தி வரும்" என்று ஒரு குரல் வரும். மறு பக்கத்திலிருந்து, "பாவம், அவரு என்ன செய்வாரு, அது ஒரு வியாதி" என்று இன்னொரு குரல் வரும்.

இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலும் ஆபத்தும் இருக்கிறது. நாம் எந்தப் பெயரை வைக்கிறோமோ, அதை வைத்துத்தான் அந்த மனிதரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறோம். குற்றவாளி என்றால் பல்லேகலைச் சிறை, நோயாளி என்றால் பேராதனை ஆஸ்பத்திரி. இரண்டு இடத்துக்கும் நம் தோட்டங்களிலிருந்து பஸ் ஓடுகிறது. எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்பதுதான் கேள்வி.

முதலில் மூன்றாகப் பிரிப்போம்

"குடி" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அதற்குள் மூன்று காரியங்கள் இருக்கின்றன. ஒன்று, காய்ச்சுவதும் விற்பதும். இரண்டு, தன் உடம்புக்குள் ஊற்றிக்கொள்வது அல்லது தூளையும் ஐஸையும் பாவிப்பது. மூன்று, பாவித்துவிட்டு மனைவியை அடிப்பது, பிள்ளையின் புத்தகத்தைக் கிழிப்பது, ரோட்டில் வாகனத்தை ஓட்டி ஆளை இடிப்பது. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சண்டை வருகிறது.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் சாராயம் குடிப்பது குற்றமல்ல. அனுமதிப்பத்திரம் உள்ள கடையில் வாங்கலாம். ஆனால் 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக்கூடாது. மதுவுக்கு விளம்பரமும் செய்யக்கூடாது. கசிப்புக் காய்ச்சுவதும் விற்பதும் 1912 ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டப்படி குற்றம். அதற்கும் பழைய 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, பொது இடத்தில் வெறியில் ஒழுங்கீனமாக நடப்பதும் குற்றம்.

போதைப்பொருள் கதை வேறு. கஞ்சா, ஹெரோயின், ஐஸ் போன்றவற்றை விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் பாவிப்பதும்கூடக் குற்றமே. அடிப்படைச் சட்டம் 1929 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1984 இல் அதைத் திருத்தி, ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். 2022 இல் இன்னொரு திருத்தம் வந்தது. அதன்படி 5 கிராம் ஐஸ் போதும், அதே தண்டனைதான். ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி சீனியளவு. 1976 க்குப் பிறகு நாட்டில் எவரையும் தூக்கிலிடவில்லை என்றாலும், ஆயுள் முழுவதும் கம்பிக்குள் இருப்பதும் சின்னத் தண்டனை அல்ல. கொழும்பில் வேலைக்குப் போய், "இந்தப் பார்சலைக் கொண்டுபோய்க் கொடு, காசு தாறேன்" என்ற பேச்சுக்கு இணங்கும் பையன்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதே நாட்டில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமையானவரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் உரியது. அதன்படி ஒருவர் தானே விரும்பிச் சிகிச்சைக்குச் சேரலாம். நீதவான் உத்தரவிட்டும் அனுப்பலாம். ஆக, சட்டமே ஒரு கையால் குற்றவாளி என்றும் மறு கையால் நோயாளி என்றும் பிடிக்கிறது.

தோட்டமும் தவறணையும்

இந்தப் பழக்கம் நம் ஆட்களின் இரத்தத்தில் வந்தது என்று சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். அது உண்மையல்ல. 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வெள்ளைக்கார அரசாங்கம் நாடெங்கும் புதிய கள்ளுத் தவறணைகளைத் திறந்தது. காரணம் வருமானம். அதை எதிர்த்துத்தான் அன்று பெரிய மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது மலையகத்துக்கும் வந்து, குடியை விட்டுவிடுங்கள் என்று தொழிலாளரைக் கேட்டுக்கொண்டார். தவறணை இருக்கும் இடத்துக்குச் சம்பளம் தானாக நடந்து போகும் என்பது நூறு வருஷத்துக்கு முன்னரே தெரிந்த விஷயம்.

குளிருக்கும் உடம்பு வலிக்கும் குடிக்கிறேன் என்று சொல்வதும் பழைய பேச்சு. மது உள்ளே போனதும் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால் சூடு வந்தது போல் தெரியும். உண்மையில் உடம்பின் சூடு வெளியே போகிறது. வலியும் போவதில்லை, மரத்துப்போகிறது. காலையில் பெரட்டுக்கு நிற்கும்போது வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும்.

வியாதி என்று ஏன் சொல்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனம் மது, போதைக்கு அடிமையாவதை நோய்களின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. குடிக்கிற எல்லோரும் நோயாளி அல்ல. தீபாவளிக்கு ஒரு போத்தல் எடுக்கிறவரையும், காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறவரையும் ஒன்றாகச் சேர்க்கக்கூடாது. வருஷக்கணக்கில் தினமும் ஊற்றும்போது மூளை அதற்குப் பழகிவிடுகிறது. பிறகு அது இல்லாமல் மூளையால் சாதாரணமாக வேலை செய்ய முடியாது. "நாளையிலிருந்து நிறுத்துறேன்" என்று சத்தியம் பண்ணியவர் மறுநாள் உடைப்பது எப்போதும் பொய்யால் மட்டுமல்ல.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத ஆட்களைப் பார்ப்பார், சுவரில் பூச்சி ஊருகிறது என்பார், ஆளைத் தெரியாமல் கத்துவார். லயத்தில் உடனே, "பேய் பிடிச்சிருக்கு" என்று கோடாங்கியைக் கூட்டி வந்து உடுக்கடிக்கிறார்கள். அது பேயல்ல. மருந்தில்லாமல் விட்டால் உயிரே போகலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இருக்கிறது.

இதனால்தான் பொலிஸ் பிடித்துப்போன ஆளைப் பற்றியும் கவனம் வேண்டும். கூண்டுக்குள் போனவருக்குக் குடி கிடைக்காது. இரண்டாம் நாள் வலிப்பு வந்தால், நடிக்கிறார் என்று நினைத்துவிடலாம். "இவர் தினமும் குடிக்கிற ஆள், டாக்டருக்குக் காட்டுங்க" என்று வீட்டார் பொலிசிலும் நீதிமன்றத்திலும் வாய் திறந்து சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கக்கூடாது.

தண்டனை மட்டும் போதுமா?

மற்ற ஊர்களில் நடந்ததைப் பார்ப்போம். இந்தியாவில் பீகார் மாநிலம் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்குக் கொண்டுவந்து, குடித்தவரையும் சிறையில் போட்டது. பெண்கள் கேட்டுத்தான் அந்தச் சட்டம் வந்தது. ஆனால் நீதிமன்றங்கள் வழக்குகளால் நிரம்பின. பிடிபட்டவர்களில் ஏழைகளே அதிகம். கள்ளச்சாராயமும் நிற்கவில்லை. கடைசியில் 2022 இல் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவை குடித்துப் பிடிபட்டவர் அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்றார்கள்.

அப்படியானால் கடையைத் திறந்துவிட்டால் சரியாகிவிடுமா? தமிழ்நாட்டைப் பாருங்கள். 1937 இல் சேலத்தில் மதுவிலக்குத் தொடங்கிய மாநிலம் அது. 2003 முதல் அரசாங்கமே சில்லறைக் கடை நடத்துகிறது. இருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். கடை மூடியிருந்தாலும் திறந்திருந்தாலும் ஏழையின் கை மலிவானதைத்தான் தேடும். மெத்தனால் உடம்புக்குள் போய் விஷ அமிலமாக மாறிக் கண்ணைக் குருடாக்கும், மூச்சை நிறுத்தும். கசிப்பில் என்ன கலந்திருக்கிறது என்று குடிப்பவருக்குத் தெரியாது. பல நேரம் விற்பவருக்கும் தெரியாது.

நம் நாட்டில் 2023 டிசம்பரில் "யுக்திய" என்ற பெயரில் பெரிய பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். 2024 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தும்படி கேட்டார்கள். ஏற்கனவே நம் சிறைகளில் இடம் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே சின்னப் பாவனையாளரும் பெரிய வியாபாரியும் ஒரே பாயில் படுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்காததை அங்கே படித்து வருகிறார்கள். கட்டாயப் புனர்வாழ்வு என்றால் எல்லாம் நல்லதென்றும் சொல்ல முடியாது. 2022 ஜூனில் கந்தக்காடு நிலையத்தில் ஒருவர் இறந்து, குழப்பம் வெடித்து, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள்.

போர்த்துக்கல் நாடு 2001 இல் வேறு வழி எடுத்தது. பத்து நாள் சொந்தப் பாவனைக்கு மேற்படாத அளவு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பாமல், சட்டம், வைத்தியம், சமூக சேவை தெரிந்தவர்கள் இருக்கும் சிறு குழுவின் முன் நிறுத்தினார்கள். விற்பவருக்குச் சிறை அப்படியே இருந்தது. கூடவே சிகிச்சை நிலையங்களையும் பெருக்கினார்கள். பாவனையாளரிடையே எயிட்ஸ் கிருமித் தொற்று வெகுவாகக் குறைந்தது. சிகிச்சைக்கு இடம் செய்யாமல் தண்டனையை மட்டும் எடுத்திருந்தால் இந்தப் பலன் கிடைத்திராது.

வள்ளுவரும் கள்ளுண்ணாமையை 93 ஆம் அதிகாரமாக வைத்து, அடுத்துச் சூதையும் அதற்கடுத்து மருந்தையும் வைத்தார். அந்த வரிசை யோசிக்க வைக்கிறது.

வியாதி என்றால் மன்னிப்பா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடிப்பது வியாதியாக இருக்கலாம், அடிப்பது வியாதி அல்ல. வெறியில் மனைவியை அடிப்பவர் தொரைக்கு முன்னால் கை ஓங்குவதில்லை. எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கக்கூடாது என்று வெறியிலும் அவருக்குத் தெரிகிறது. "குடிச்சிருந்தேன், தெரியாமல் செஞ்சிட்டேன்" என்பதை நீதிமன்றம் சாதாரணமாக ஏற்பதில்லை. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். அது புருஷனைச் சிறையில் போடுவதற்காக அல்ல, அடியை நிறுத்துவதற்காக. கட்டளையை மீறினால்தான் அவருக்குத் தண்டனை.

விற்பவர் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. லயத்தில் கசிப்பு விற்பவர் பல இடத்தில் கணவனை இழந்த பெண், அல்லது கடன்பட்ட குடும்பம். பிடிபடுவார், தண்டம் கட்டுவார், அந்தத் தண்டக் காசை எடுக்க மறுபடி விற்பார். அவருக்கு வேறு வருமானம் தேடிக் கொடுக்காமல் பொலிசை மட்டும் அனுப்பினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்குத் தூள் கொடுக்கிறவர் வேறு ஆள். அங்கே இரக்கம் காட்ட வேண்டியது பிள்ளைகளுக்கு.

ஆகவே என் கருத்து இதுதான். விற்பவருக்கும் அடிப்பவருக்கும் சட்டம். பாவித்து அடிமையானவருக்கு வைத்தியம். ஒரே ஆள் இரண்டும் செய்தால் இரண்டும்.

வீட்டிலும் தோட்டத்திலும் செய்யக்கூடியவை

1. வெறியில் இருக்கும்போது புத்தி சொல்லாதீர்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது, பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பேசுங்கள்.

2. அவருடைய கடனை ஒளித்து அடைப்பதும், வேலைக்கு வராததற்குக் கணக்கப்பிள்ளையிடம் பொய்க் காரணம் சொல்வதும் உதவி அல்ல. நோய் வளர அது இடம் கொடுக்கும்.

3. முதலில் தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். பேராதனை போதனா வைத்தியசாலையிலும் கண்டி தேசிய வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு உண்டு. மனநலப் பிரிவு என்றால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணமும் இல்லை.

4. தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம் 1927. மனநல உதவிக்கு 1926. பெண்களுக்கு 1938. சிறுவர்களுக்கு 1929. இவற்றை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

5. திரும்பவும் ஒரு நாள் குடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று கைவிடாதீர்கள். பிரஷர், சீனி வியாதி போல் இதுவும் திரும்பத் தலைகாட்டும். மறுநாளே மறுபடி வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

6. குடியை விட்டவரைக் கலியாண வீட்டிலும் திருவிழாவிலும், "ஒண்ணே ஒண்ணு" என்று வற்புறுத்துகிறவரைத் தடுப்பது கூட்டாளிகளின் கடமை.

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் கலந்து பேச:

— நம் லயத்தில் ஒரு பையன் ஐஸ் பாவிக்கிறான் என்று தெரிந்தால் முதலில் யாரிடம் சொல்வோம்? ஏன்?

— கசிப்பு விற்கும் ஒரு குடும்பம் அதை விடத் தயார் என்றால் தோட்டம் அவர்களுக்கு என்ன வழி காட்டலாம்?

— குடித்துவிட்டு அடிக்கிறவர் மீது முறைப்பாடு செய்த பெண்ணை லயத்து ஆட்கள் எப்படி நடத்துகிறோம்? அது சரியா?

பதில்களை எழுதி உங்கள் சேமநல உத்தியோகத்தரிடம் கொடுங்கள். கூட்டத்துக்கு ஆண்களையும் கூட்டி வாருங்கள். இந்தப் பாடம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.