கெர்னலோடு வருவதை நம்புங்கள்

விர்ச்சுவல் மெஷின் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ராம் எவ்வளவு வேண்டும், டிஸ்க் எவ்வளவு ஒதுக்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. ஹோஸ்ட் கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் மாட்யூல் யாருடையது? கெர்னலை எழுதுபவர்களே பராமரிப்பதா, வெளியார் கொண்டுவந்து பொருத்துவதா? லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒரு விண்டோஸை ஓட்டவேண்டும் என்பதுதானே உங்கள் தேவையும். அதற்கு லினக்ஸ் கெர்னலோடு வரும் கேவிஎம் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். இதை வெறும் பிடிவாதம் என்று சிரித்தவர்கள் உண்டு. காரணங்களைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் தங்கள் பிராசசர்களில் விர்ச்சுவலைசேஷன் வசதியைச் சேர்த்தன. இன்டெல் சிப்பில் இந்த வசதியை ஒருவர் கையில் எடுத்துவிட்டால் இன்னொருவர் அதே நேரத்தில் எடுக்க முடியாது. கேவிஎம் 2007 பிப்ரவரியில் வந்த 2.6.20 பதிப்பிலிருந்தே கெர்னலின் அங்கம். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் இரண்டின் ஹோஸ்ட் மாட்யூல்களும் வெளியில் இருப்பவை. பயன்பாட்டு நிரல்களுக்குத் தந்த வாக்கை லினக்ஸ் காப்பாற்றும். கெர்னலின் உள் அமைப்பு மாறாது என்று மட்டும் அது யாருக்கும் வாக்குத் தந்ததில்லை, தன் ஆவணத்திலேயே அப்படி எழுதி வைத்திருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டும் வெளி மாட்யூலுக்கு ஒரு கண்டம்தான். டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகக் கம்பைல் செய்துவிடுமே என்பார்கள். உள்ளே ஒரு ஃபங்ஷனின் பெயரோ வடிவமோ மாறிப்போனால் அதுவும் கையை விரித்துவிடும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கம்பைல் ஆனால் மட்டும் போதாது. நீங்களே சாவி உருவாக்கி, பூட் ஆகும்போது பதிவுசெய்து, மாட்யூலில் கையொப்பமும் இடவேண்டும். வெளி மாட்யூலின் இந்த நிலையை 2024 நவம்பரில் வந்த கெர்னல் 6.12 அப்பட்டமாகக் காட்டியது. அதுவரை கேவிஎம் முதல் மெஷின் கிளம்பும்போதுதான் பிராசசர் வசதியை எடுத்துக்கொள்ளும்; 6.12 முதல், மாட்யூல் ஏறியவுடனே எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலான கணினிகளில் அந்த மாட்யூல் தானாகவே ஏறிவிடும் என்பதால், விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின்கள் கிளம்ப மறுத்தன. பழைய வழக்கத்துக்குத் திரும்ப ஒரு பூட் பாராமீட்டர் இருக்கிறது, உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால் குடியிருப்பவர்தானே வாசலில் நிற்கவேண்டும்?

இது லினக்ஸ்காரர்களின் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. 2012இல் விண்டோஸ் 8 ஹைப்பர்-வியை டெஸ்க்டாப்புக்குக் கொண்டுவந்தது. அது இயங்கும்போது நாம் ஹோஸ்ட் என்று நினைக்கும் விண்டோஸே ஒரு ஹைப்பர்வைசரின் மேல்தான் ஓடுகிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அங்கே மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்ட இடைமுகம் வழியாகத்தான் நுழையவேண்டும். வேகம் குறைவதைச் சொல்ல ஓர் ஆமைப் படத்தைத் தானே காட்டுகிறது, அந்த நேர்மையைப் பாராட்டவேண்டும். விஎம்வேரும் 2020இல் அதே வழிக்கு வந்தது. ஆப்பிள் 2014இல் யோசமிட்டியில் தன் சொந்த ஹைப்பர்வைசர் ஃப்ரேம்வொர்க்கைக் கொடுத்து, பிறகு வெளியார் கெர்னல் எக்ஸ்டென்ஷன்களைப் படிப்படியாக ஓரங்கட்டியது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்று முகாம்களும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன. மெஷினுக்குள் ஓடும் கெஸ்ட் சிஸ்டத்தின் டிரைவர்களிலும் இதே கதைதான். மைக்ரோசாஃப்ட் 2009இல் ஹைப்பர்-விக்கான டிரைவர்களை லினக்ஸ் கெர்னலுக்கே கொடுத்தது. விஎம்வேரின் நெட்வொர்க் டிரைவர் உள்ளே இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் டிரைவரும் 2018இல் உள்ளே வந்தது. கெஸ்ட் பக்கத்தில் கெர்னலோடு சேர்ந்திருப்பதன் அருமை இவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

கெர்னலை அப்டேட் செய்யாமல் இருந்துவிட்டால் போயிற்று என்பது ஒரு மறுப்பு. பாதுகாப்புத் திருத்தங்களை விட்டுக்கொடுத்து ஒரு மாட்யூலைக் காப்பாற்றுவது எந்தக் கணக்கில் லாபம் என்று புரியவில்லை. கேவிஎம்மைப் பயன்படுத்துவது கடினம் என்பதும் பழைய பேச்சு. விர்ட்-மேனேஜரோ க்னோம் பாக்சஸோ இருந்தால் மவுஸே போதும். ஒரே ஒரு மறுப்பு மட்டும் கனமானது: விண்டோஸ் கெஸ்டில் முப்பரிமாண கிராஃபிக்ஸ் வேண்டுமென்றால் விஎம்வேர்தான் முன்னால் நிற்கிறது. இரண்டாவது கிராஃபிக்ஸ் கார்டை அப்படியே கெஸ்டிடம் ஒப்படைக்கும் வழி கேவிஎம்மில் உண்டு, கையில் காசு இருப்பவர்களுக்கு. கணக்கு மென்பொருளும் அலுவலகப் படிவங்களும் மட்டுமே ஓடப்போகும் மெஷினுக்கு இந்தக் கவலை வேண்டியதில்லை.

கேவிஎம்மை வைதுவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது கெஸ்ட் பக்கத்தில். நிஜ நெட்வொர்க் கார்டைப் போல நடிக்கும் சாதனத்தைக் கெஸ்ட் தொடும்போதெல்லாம் கட்டுப்பாடு ஹோஸ்டுக்குப் போய்த் திரும்பவேண்டும். ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்டியோ என்ற சாதன இடைமுகம் அந்தப் போக்குவரத்தை வெகுவாகக் குறைக்கிறது. 2008 ஜனவரியின் 2.6.24 முதல் லினக்ஸில் அது உள்ளேயே இருக்கிறது, விண்டோஸில் இல்லை. அதனால் டிஸ்க்கை விர்ட்டியோ என்று வைத்து விண்டோஸை நிறுவப்போனால் டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். விர்ட்டியோ-வின் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாகச் சேர்த்து, நிறுவும்போதே டிரைவரை ஏற்றுங்கள். ஏற்கெனவே சாட்டா டிஸ்க்கில் நிறுவிவிட்டவர்கள் ஒரேயடியாக மாற்றினால் நீலத்திரைதான். முதலில் ஒரு சின்ன விர்ட்டியோ டிஸ்க்கைக் கூடுதலாகச் சேர்த்து, விண்டோஸுக்குள் டிரைவரை நிறுவி, அந்த டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்து, மெஷினை நிறுத்திவிட்டு, அதன் பிறகு பூட் டிஸ்க்கை மாற்றுங்கள்.