கதையில் வரும் கணிப்பொறியும் நம் ஊர்க் கணிப்பொறியும்

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் எழுத்தாளர் சுஜாதா. 1980களில் அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடர்கதையில் ஜீனோ என்றோர் இயந்திர நாய் வருகிறது. அது புத்தகம் படிக்கும், தானாகவே சிந்திக்கும், சொந்தமாக முடிவும் எடுக்கும்.

மெய்யான பொறி எப்படிப்பட்டது? திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் 'பரம் பொருள்' என்னும் மீக்கணிப்பொறி தொடங்கி வைக்கப்பட்டது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். உலக மக்கள் 800 கோடிப் பேரும் நொடிக்கு ஒரு கணக்கு வீதம் ஓயாமல் போட்டால், அதன் ஒரு நொடி வேலையை முடிக்க ஏறத்தாழ 29 மணி நேரம் ஆகும்! ஆயினும் வேகம் வேறு, சிந்தனை வேறு.

அப்படியானால் இன்று கேள்விகளுக்கு விடை எழுதும் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு இயங்குகிறது? கோடிக்கணக்கான வாக்கியங்களை அதற்கு ஊட்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் அடுத்த சொல் எதுவென்று அது ஊகிக்கிறது. ஊகம் பிசகும்போதெல்லாம் அதனுள் உள்ள எண்கள் சிறிது திருத்தப்படுகின்றன. இதுவே பயிற்சி.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் அரைகுறையாக நின்று, 1987இல்தான் முழுமை பெற்றது. அதற்கு முன் வெளியான நூல்களை மட்டும் ஒரு பொறிக்கு ஊட்டுவதாகக் கொள்வோம். 236 அடி உயரக் கோபுரம் கண்ணெதிரே நிற்க, "அது இன்னும் முடியவில்லை" என்று அப்பொறி தயங்காமல் சொல்லும். அதில் சூழ்ச்சியில்லை, கணக்குப் பிழையுமில்லை. ஊட்டியது அவ்வளவுதான். கோபுரத்தைப் பார்த்த நாம் சிரித்துவிடுவோம். ஆனால் நோய்க்கு மருந்தோ, ஒருவருக்குக் கடனோ அத்தகைய பொறி முடிவு செய்தால்?

இத்துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன், 2024இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். வருங்காலப் பொறிகள் மனிதக் கட்டுப்பாட்டை மீறக்கூடும் என்று அவரே எச்சரிக்கிறார். அது ஆராய வேண்டிய கேள்வி. ஆனால் பொறி சொன்னதைச் சரிபாராமல் ஏற்பது இன்றைய ஆபத்து.

சுஜாதாவின் கதையிலும் மக்கள் அஞ்சிப் பணிந்த ஆட்சியாளன் ஜீவா, வெறும் ஒளியுருவம் என்றே பின்னர் தெரிகிறது. அதை இயக்கியவர்கள் மனிதர்களே!

ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் தெருவைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேளுங்கள். விடைகளை நேரில் சென்று சரிபாருங்கள். எத்தனை தேறின?