கால்பந்து ஆசான் ரகீம்

அறுவடை முடிந்த வயலில் வெறுங்காலுடன் பந்துதைத்து ஓடும் சிறுவர்களைத் திண்டுக்கல் மாவட்டத்துக் கீரனூர் போன்ற ஊர்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் இந்திய நாட்டுக் குழுவினருள்ளும் பலர் அவ்வாறே ஆடினர். அக்குழுவை ஆசியாவின் முதல் வரிசைக்கு உயர்த்தியவர் சையத் அப்துல் ரகீம் என்னும் பயிற்சியாளர்.

ரகீம் 1909ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் பிறந்தார்; பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். ஆட்டத் திடலிலும் அவர் ஆசிரியராகவே விளங்கினார். வலக்கால் வலியோரை இடக்காலால் மட்டுமே ஆடச் செய்து போட்டிகள் நடத்தினார். அவர் பயிற்றிய ஐதராபாத்து நகரக் காவலர் குழு, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

1951இல் புதுதில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்னும் கணக்கில் தோற்றது. வெறுங்கால் எவ்வாறு ஈடுகொடுக்கும்? அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. 1956இல் மெல்போர்னில் இந்தியா ஆஸ்திரேலியாவை வென்று நான்காம் இடம் பெற்றது.

1962இல் ஜகார்த்தா ஆசியப் போட்டிக்குச் சென்றபோது ரகீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. இஸ்ரேலும் தைவானும் விலக்கப்பட்டதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்தமையால், அந்நகர மக்கள் இந்தியர்மீது சினந்திருந்தனர். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் தோல்வி! அடுத்து, தடுப்பாட்டத்தின் தூணாகிய ஜர்னெயில் சிங்கின் தலை பிளந்து தையல் இடப்பட்டது. வேறொருவராயின் அவரை அமர்த்தி வைத்திருப்பர். ரகீமோ அவரைத் தாக்குவோர் வரிசையில் முன்னே நிறுத்தினார். அடிபட்டவரை ஆடவிட்டது தகுமா என இன்று கேட்கலாம். அக்காலத்தில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் வழக்கம் பரவவில்லை என்பதையும் நினைக்க வேண்டும்.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் மீண்டும் தென் கொரியாவே எதிர்நின்றது. கூட்டம் இந்தியரை இகழ்ந்து கூச்சலிட்டது. நீலகிரி வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவு மையத்தின் குழுவில் முன்னர் ஆடிய பீட்டர் தங்கராஜ் கோல் காத்தார். பி. கே. பானர்ஜி முதற் கோலை அடித்தார். இரண்டாவதை அடித்தவர், தலைக்கட்டுடன் ஆடிய ஜர்னெயில் சிங்! இரண்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் இந்தியா வென்றது.

1963 சூன் 11ஆம் நாள் ரகீம் மறைந்தார். 1962க்குப் பின் ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்கு வாய்க்கவில்லை.