ஒரு கேபிளும் இரண்டு போட்டிக் கம்பெனிகளும்



சர்வதேச இசைத் தொழில் மாநாடு என்றதும் மேடை, பாட்டு, கைதட்டல் இவைதான் நம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது பெரும்பாலும் ஒரு சந்தை. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் நடக்கும் ‘நாம்’ கண்காட்சி. (பேரைக் கேட்டால் நம்ம தமிழ்ச் சொல் மாதிரியே இருக்கிறது அல்லவா?) 1901-ல் தொடங்கிய இசைக்கருவி வியாபாரிகள் சங்கம் நடத்துவது இது. கருவி செய்பவர், விற்பவர், ஒலிப்பதிவு செய்பவர் எல்லோரும் அங்கே கூடுவார்கள்.

இப்படி ஓர் இடத்துக்கு முதன்முதலாகப் போகிற ஒருவர் எதைப் பார்க்க வேண்டும்? 1983-ல் அங்கே நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்கிறது.

சிக்கல் என்ன?

1970-களில் மின்னணுக் கீபோர்டுகள் பெருகின. ஆனால் ஒரு கம்பெனியின் கீபோர்டை இன்னொன்றோடு இணைக்க முடியாது. ஒரு ஸ்தாயி மேலே போனால் ஒரு வோல்ட் கூட வேண்டும் என்பது சில கம்பெனிகளின் கணக்கு. வோல்ட் இரண்டு மடங்காக வேண்டும் என்பது வேறு சிலரின் கணக்கு. இரண்டையும் சேர்த்தால் அபஸ்வரம்தான் மிஞ்சும்! வாங்கியவர் ஒரே கம்பெனியோடு கட்டுப்பட்டுக் கிடந்தார். சின்னக் கம்பெனிக்காரர் பாடு இன்னும் கஷ்டம்.

பேச்சு தொடங்கியது எப்படி?

1981-ல் சிகாகோவில் நடந்த ‘நாம்’ கண்காட்சியில் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இக்குடாரோ ககெஹாஷி, எல்லோருக்கும் பொதுவான ஓர் இணைப்பு முறை வேண்டும் என்று பேச்சை ஆரம்பித்தார். இவர் இளமையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். முறையாகச் சங்கீதம் படித்தவரும் அல்ல. கலிபோர்னியாவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் என்ற சிறிய கம்பெனியை நடத்திய டேவ் ஸ்மித், அதே ஆண்டு நியூயார்க்கில் ஒலிப் பொறியாளர்கள் மாநாட்டில் இதற்கான திட்டத்தைக் கட்டுரையாகவே படித்தார். எல்லோரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யமஹா, கோர்க், கவாய் ஆகிய ஜப்பான் கம்பெனிகளோடு பேசிப் பேசித்தான் காரியம் முடிந்தது.

1983 ஜனவரியில் அனஹைம் கண்காட்சியில் ஸ்மித்தின் ‘ப்ராஃபெட் 600’, ரோலண்டின் ‘ஜுப்பிட்டர் 6’ இரண்டையும் ஒரு கேபிளால் இணைத்தார்கள். இதில் கட்டையை அழுத்தினால் அதிலும் ஒலித்தது! அதுதான் ‘மிடி’. அதன் முழு விதிமுறை அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியானது.

கேபிளுக்குள் என்ன போகிறது?

பலரும் நினைப்பதுபோல அதில் ஒலி போவதில்லை, கட்டளைதான் போகிறது. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட்டுகள் கிளம்பும். முதல் பைட், என்ன செயல், 16 சானல்களில் எது என்று சொல்லும். இரண்டாவது, எந்தக் கட்டை என்று சொல்லும். மூன்றாவது, அழுத்திய வேகத்தைச் சொல்லும். பின்னிரண்டுக்கும் மதிப்பு 0 முதல் 127 வரை.

வேகம் நொடிக்கு 31,250 பிட். ஏன் இந்த எண்? ஒரு மெகா ஹெர்ட்ஸை 32-ஆல் வகுத்தால் சரியாக இதுதான் வரும். சாதாரண சர்க்யூட்டே போதும், செலவு குறைவு. ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். ஆக மூன்று பைட்டுக்கு 30 பிட். 30-ஐ 31,250-ஆல் வகுத்தால் 0.96 மில்லி செகண்ட். காதுக்குத் தாமதம் தெரியாது.

வாங்கும் முனையில் ஓர் ஆப்டோ கப்ளர் இருக்கும். கட்டளை அங்கே ஒளியாக மாறித் தாண்டுகிறது. இரண்டு கருவிகளுக்கும் மின் தொடர்பு இல்லாததால் கிரவுண்ட் லூப்பால் வரும் ‘ஹம்’ இரைச்சல் கிடையாது. நாம் லேபில் படிக்கிற அதே பாடம்தான்!

கொடுத்தவர் கெட்டாரா?

இந்த முறைக்கு அவர்கள் யாரிடமும் ராயல்டி கேட்கவில்லை. அதனால்தான் பெரிய கம்பெனி முதல் சின்னப் பட்டறை வரை எல்லோரும் இதை எடுத்துக்கொண்டார்கள். நம்ம ஊர் மெல்லிசைக் குழுக்களின் கீபோர்டுகள் பலவற்றிலும் பின்பக்கம் ‘மிடி இன்’, ‘மிடி அவுட்’ என்ற ஐந்து பின் துளைகளைப் பார்க்கலாம்.

ஆனால் 1987-ல் ஸ்மித்தின் கம்பெனி மூடப்பட்டு யமஹா கைக்குப் போனது. இலவசமாகக் கொடுத்தவர் தோற்றாரா என்று கேட்கத் தோன்றும். 2013-ல் ககெஹாஷிக்கும் ஸ்மித்துக்கும் சேர்த்துத் தொழில்நுட்பக் கிராமி விருது கிடைத்தது. 2015-ல் யமஹா அந்தப் பழைய பெயரை ஸ்மித்திடமே திருப்பிக் கொடுத்தது. அதற்காக எடுத்துச் சொன்னவர், ஒருகாலத்தில் போட்டியாளரான அதே ககெஹாஷி! அவர் 2017-லும் ஸ்மித் 2022-லும் மறைந்தார்கள். 2020-ல் ‘மிடி 2.0’ வந்தபோதும் பழைய கருவிகளைத் தள்ளிவிடாமல்தான் வடிவமைத்தார்கள்.

முதன்முறை போகிறவருக்கு

இதிலிருந்து நான் புரிந்துகொண்டவை மூன்று.

ஒன்று: பளபளக்கும் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். கருவியின் பின்பக்கம் என்ன துளை, எதோடு சேரும் என்று பாருங்கள்.

இரண்டு: பெரிய ஸ்டாலில் கூட்டம் இருக்கும். சின்ன ஸ்டாலில் செய்தவரே நிற்பார். அவரிடம் கேளுங்கள்.

மூன்று: ஒரு நல்ல கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போங்கள். நம்மைப்போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்களுக்கு அந்த மாதிரி ஹாலில் யாரையும் தெரியாது. அறிமுகம் செய்து வைக்க மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. கையில் இருக்கிற கேள்விதான் நமக்கு அறிமுகச் சீட்டு.

அனஹைம் வரை போக முடியாவிட்டாலும் பக்கத்து ஊர் தொழிற்கண்காட்சிக்குப் போகலாமே. போட்டிக் கம்பெனிகளே ஒரு கேபிளுக்காக உட்கார்ந்து பேசியபோது, பக்கத்து பெஞ்சுக்காரரோடு நோட்ஸைப் பகிர்ந்துகொள்ள நாம் யோசிக்கலாமா?