வல்லவனுக்கு வல்லவன்

வைரஸ் என்றதும் அம்மையும் போலியோவும் நம் நினைவுக்கு வரும். ஆனால், நமக்கு நோய் தரும் பாக்டீரியாவுக்கும் வைரஸ் நோய் வரும் என்றால் நம்புவீர்களா, தோழியரே? இத்தகைய வைரஸ்களை 1915-ல் டுவோர்ட் என்பவரும், 1917-ல் தெரெல் என்பவரும் கண்டறிந்தனர். 'பாக்டீரியாவை உண்பது' என்ற பொருளில் 'பாக்டீரியோஃபேஜ்' எனப் பெயரிட்டவர் தெரெல். சுருக்கமாக இவற்றை ஃபேஜ் என்பர்.

ஃபேஜ், பாக்டீரியாவின் மேல் அமர்ந்து தன் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும். சிறிது நேரத்தில் பாக்டீரியா வெடித்துப் புதிய ஃபேஜ்கள் வெளிவரும்.

பாக்டீரியா சும்மா இருக்குமா? அதனிடம் கத்தரிக்கோல் போன்ற நொதிகள் உண்டு. தன் டி.என்.ஏ.வில் ஓர் அடையாளம் இட்டுக்கொண்டு, அடையாளமற்ற அந்நிய டி.என்.ஏ.வை வெட்டிவிடும். இந்நொதிகளைப் பற்றிய ஆய்வுக்காக ஆர்பர், நாதன்ஸ், ஸ்மித் ஆகியோர் 1978-ல் நோபல் பரிசு பெற்றனர்.

இதையும் ஃபேஜ் வெல்கிறது. டி4 என்னும் ஃபேஜ் தன் டி.என்.ஏ.வில் குளுகோஸைப் போர்த்தி மாறுவேடம் பூணும். கத்தரிக்குப் பிடி கிடைப்பதில்லை. டி7 ஃபேஜோ, டி.என்.ஏ. போலவே வடிவமுள்ள ஒரு புரதத்தை உண்டாக்கும். நொதி அந்தப் போலியைப் பற்றிக்கொண்டு ஏமாறும்.

பாக்டீரியாவுக்கு நினைவாற்றலும் உண்டு! முன்பு தாக்கிய ஃபேஜின் டி.என்.ஏ. துண்டைச் சேமித்து வைத்து, அது மீண்டும் வந்தால் அடையாளம் கண்டு அழிக்கும். 'கிரிஸ்பர்' எனப்படும் இக்காவலை, பாலைத் தயிராக்கும் ஒரு பாக்டீரியாவில் 2007-ல் மெய்ப்பித்தனர். ஆனால் குறிப்பிட்ட இடத்தில் ஓர் எழுத்து மாறினாலே ஃபேஜ் தப்பிவிடக்கூடும். சில ஃபேஜ்கள் இக்காவலின் கையையே கட்டிப்போடும் புரதங்களை உண்டாக்குகின்றன. இது 2013-ல் வெளியான செய்தி. கிரிஸ்பரைக் கொண்டு மரபணுக்களைத் திருத்தும் முறையைக் கண்ட எம்மானுவேல் சார்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா ஆகிய இரு பெண்மணிகள் 2020-ல் நோபல் பரிசு பெற்றதும் நமக்குப் பெருமையன்றோ!

இப்போரால் நமக்கென்ன பயன்? மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் இன்று பெருகி வருகின்றன. 2016-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில், எந்த மருந்துக்கும் கட்டுப்படாத தொற்றால் சாகும் நிலையிலிருந்த பேராசிரியர் ஒருவர் ஃபேஜ் சிகிச்சையால் பிழைத்தார். ஆனால் அங்கும் அப்பாக்டீரியா சில ஃபேஜ்களை எதிர்க்கக் கற்றுக்கொண்டது. மருத்துவர்கள் வேறு ஃபேஜ்களைத் தேட நேர்ந்தது. காவலை ஃபேஜ் எப்படி மீறுகிறது என்று அறிவது, எந்த நோய்க்கு எந்த ஃபேஜ் என்று தேர்ந்தெடுக்க உதவும்.

நம் ஆய்வக நுண்ணோக்கியில் தென்படாத இச்சிற்றுயிர், நாளை ஓர் உயிரைக் காக்கும். சிறியதென்று எதையும் இகழலாமோ?